எடைச்சீட்டின் பின்பக்கம்: வியாபார வழக்கு நடத்தியவர்களின் அனுபவங்கள்

அம்பாசமுத்திரம், அரிசி ஆலை:

புனலூர் மொத்த வியாபாரி ஒருவர் எனக்கு ஏழே முக்கால் லட்சம் பாக்கி. தவணை கடந்து 3 வருடம் 4 மாதம் ஓடிவிட்டது. பார்த்த இரண்டு வக்கீல்களும் "காலாவதி ஆகிவிட்டது, விட்டுவிடுங்கள்" என்று கையை விரித்தார்கள். மூன்றாவதாகப் பாளையங்கோட்டையில் ஒருவரிடம் போனேன். நான் வியாபாரியின் துரோகத்தை ஆதியிலிருந்து சொல்ல ஆரம்பித்ததுமே, "அண்ணாச்சி, கதையைப் பிறகு கேட்கிறேன். முதலில் பேரேட்டையும் சீட்டுகளையும் எடுங்கள்" என்றார்.

பில், எடைச்சீட்டு, லாரி ரசீது எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திருப்பி, பின்பக்கமும் பார்த்தார். பத்துப் பதினைந்து சீட்டு போயிருக்கும். ஒன்றில் நின்றார். பின்னால் மலையாளத்தில் இரண்டு வரி, தேதி, கையெழுத்து. "மீதி 7,75,000 ஓணம் கழிந்து தரலாம்" என்று படித்துக் காட்டினார். என் கணக்கப்பிள்ளை வசூலுக்குப் போனபோது எழுதி வாங்கி வந்தது. எங்கள் இருவருக்குமே மறந்துபோயிருந்தது. மூன்று வருடம் முடிவதற்குள் கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால், 1963 ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டத்தின் 18 ஆம் பிரிவுப்படி அந்தத் தேதியிலிருந்து புதிதாக 3 வருடம் உண்டாம்.

மலையாளம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். அப்பா நயினார்குளம் மார்க்கெட்டில் ஒரு மண்டியில் கணக்கு எழுதியவராம். பள்ளி விட்டதும் இவர் அங்கே உட்கார்ந்து சிட்டை எழுதுவாராம். கேரளத்து வியாபாரிகள் கடன் சொல்லும்போது சீட்டின் பின்னால்தான் எழுதுவார்களாம். பிறகு பி.காம்., ஆடிட்டர் அலுவலகத்தில் நான்கு வருடம், அதன்பின் திருநெல்வேலி சட்டக் கல்லூரி. சுவரில் மாட்டியிருந்த பட்டத்தைவிட அந்த மண்டிதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

சங்கரன்கோவில், விசைத்தறி:

உங்களுக்கு அதிர்ஷ்டம். எனக்கு வாய்த்தவர் கிரிமினல் வழக்கில் புலி, பெயர் வேண்டாம். துண்டு வாங்கியவர் கொடுத்த செக் திரும்பியது. வங்கியிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். வக்கீல் ஆனித் தேருக்கு ஊருக்குப் போய்விட்டார், குமாஸ்தா தபாலில் சேர்த்தது 34 ஆவது நாள். மறுபடி வங்கியில் போடலாமென்றால் செக்கின் 3 மாத ஆயுளும் முடிந்திருந்தது. இப்போது சிவில் வழக்காக இழுத்துக்கொண்டிருக்கிறேன். நானும் நாளை எண்ணவில்லை, அது என் தப்புதான்.

பாளையங்கோட்டை, ஜூனியர் வக்கீல்:

வியாபார வழக்குக்கென்று தனி வக்கீலை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பலர் கேட்கிறார்கள். பெயர்ப்பலகையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. இன்ன வழக்கில் வல்லவர் என்று பலகையில் போட பார் கவுன்சில் விதி இடம் கொடுப்பதில்லை. நாலு பேரிடம் கேட்டு விசாரிப்பதுதான் வழி. எங்கள் பக்கம் வியாபார வழக்கை மட்டுமே பார்த்துப் பிழைப்பவரும் குறைவு. என் சீனியர் காலையில் பாகப்பிரிவினை, மதியம் சிமெண்ட் பாக்கி என்று ஓடுகிறார்.

2015 இல் வணிக நீதிமன்றச் சட்டம் வந்தபோது வழக்கின் மதிப்பு குறைந்தது 1 கோடி இருக்க வேண்டும், நம் ஊர்க் கணக்கு எதுவும் அதை எட்டாது. 2018 இல் 3 லட்சமாகக் குறைத்தார்கள். அவசர இடைக்கால நிவாரணம் கேட்காத வழக்கென்றால் முதலில் சமரசத்துக்குப் போயே ஆக வேண்டும். 2022 இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்துவிட்டது. எதிர்த்தரப்பு 120 நாளுக்குள் பதிலுரை தாக்கல் செய்யாவிட்டால் அந்த உரிமையே போய்விடும். சிவில் வாய்தாவில் பழகிய சீனியர்கள் சிலர் இந்த இடத்தில் தடுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன். நான் சேர்ந்த புதிதில் ஒரு வருடம் செய்த வேலை, ஆவணங்களுக்குப் பக்க எண் போட்டதும் தேதிப் பட்டியல் எழுதியதும்தான். அப்போது அழுகை வந்தது.

வள்ளியூர், இரும்புக் கடை:

மைத்துனரும் நானும் கூட்டு. பத்திரம் எழுதினோம், பதிவு செய்யவில்லை. பாக்கிக்காரர் மேல் வழக்குப் போடப் போனால், பதிவில்லாத கூட்டு நிறுவனம் வழக்குத் தொடுக்க முடியாது என்று 1932 ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டமே சொல்கிறதாம். வக்கீல் பத்திரத்தை வாங்கிப் பார்த்த உடனே கேட்ட முதல் கேள்வி அதுதான். பதிவு செய்துவிட்டு வருகிறேன். அண்ணாச்சி, உங்கள் பணம் வந்ததா?

அம்பாசமுத்திரம், அரிசி ஆலை:

சமரச மேசையில் அந்தச் சீட்டை வைத்ததும் புனலூர்க்காரர் தன் கையெழுத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு தவணைக்கு ஒப்புக்கொண்டார். இரண்டு வந்துவிட்டது. மூன்றாவது சித்திரையில் வர வேண்டும்.