போஸ்ட்கிரஸ் 15: 40 லட்சம் ரோ, எல்லாம் ஜேசன்பி. டேபிளை எப்படி இளைக்க வைப்பது?

கேள்வி:
போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் ஒரு தமிழ் மேற்கோள் தொகுப்பு. சொல், சொல்வகை, நூல், மேற்கோள் நான்கும் ஒரே ஜேசன்பி (பெயரும் மதிப்புமாக விவரங்களை அடுக்கும் வகை) ஃபீல்டில் கிடக்கின்றன. ரோவுக்குச் சராசரி 600 பைட். எல்இசட்4 என்ற கம்ப்ரஷன் (சுருக்கும் முறை) போட்டும் அளவு அசையவில்லை. ஒவ்வொரு விவரத்தையும் தனி ரோவாக உடைத்துவிடலாமா? இன்னொன்று: தலைச்சொல் டேபிளில் யூனிக் (ஒன்று இருமுறை வரக்கூடாது என்ற விதி) இருந்தும் ‘கொடி’ இரண்டு முறை நிற்கிறது.

பதில்கள்:

ஏட்டுச்சுவடி:
எப்படி அசையும்? ரோ ஏறக்குறைய 2 கேபியைத் தாண்டினால்தான் டோஸ்ட் (பெரிய மதிப்புகளைக் கவனிக்கும் போஸ்ட்கிரஸின் பகுதி) கம்ப்ரஷனையே தொடும். உங்கள் 600 பைட் அப்படியேதான் உட்காரும். ஜேசன்பி கீயின் (‘சொல்வகை’ போன்ற விவரத் தலைப்பின்) பெயரையும் ரோவுக்கு ரோ எழுதிவைக்கிறது. யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். ‘சொல்வகை’ 21, ‘பெயர்ச்சொல்’ 33, ஆக 54. 40 லட்சம் ரோவுக்கு 200 எம்பிக்கு மேல். சொல்வகையைச் சின்ன டேபிளில் வைத்து ஸ்மால்இன்ட்டால் (சிறிய முழு எண்) சுட்டினால் 2 பைட்டோடு முடிந்தது. நூலுக்கும் அதே வழி. மேற்கோள் டெக்ஸ்ட்டாகவே இருக்கட்டும். எப்போதாவது வரும் விவரங்களுக்கு மட்டும் ஒரு ஜேசன்பி ஃபீல்டு. இல்லாத இடத்தில் நல் (வெற்று மதிப்பு).

கல்வெட்டு:
தனித்தனி ரோவாக உடைக்க வேண்டாம். ரோ ஒன்றுக்குத் தலைப்பு 24 பைட், ரோ கிடக்கும் டேட்டா பேஜில் அதற்கான சுட்டி 4. இப்போது 28, நான்காக உடைத்தால் 112, பதிவு எண்ணும் நான்கு முறை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

மாற்றும்போது அதே டேபிளில் அப்டேட் ஓட்டாதீர்கள். பழைய ரோக்கள் செத்தும் இடத்தை விடாமல் டேபிள் இரட்டிப்பாகும். புது டேபிளில் இன்சர்ட் செய்து, இன்டெக்ஸைக் கடைசியில் போட்டு, பெயரை மாற்றுங்கள்.

ஒற்றெழுத்து:
‘கொ’வில் தான் சிக்கல். ‘ொ’ ஒரே குறியீடாகவும் வரும், ‘ெ’யும் ‘ா’வுமாகப் பிரிந்தும் வரும். ‘கொடி’ ஒன்றில் 12 பைட், மற்றதில் 15. கண்ணுக்கு ஒன்று, யூனிக்குக்கு இரண்டு. நார்மலைஸ் ஃபங்ஷனால் என்எஃப்சி (பிரிந்த குறியீடுகளைச் சேர்த்த யூனிகோடு வடிவம்) ஆக்குங்கள். அதற்கு முன் இரண்டு ‘கொடி’யையும் சுட்டும் மேற்கோள்களை ஒரே தலைச்சொல் எண்ணுக்குத் திருப்பி, மிஞ்சியதை நீக்குங்கள், இல்லையேல் யூனிக் இடறும். பிறகு என்எஃப்சி மட்டும் ஏற்கும் செக் கன்ஸ்ட்ரெயின்ட் (சரிபார்க்கும் விதி) போட்டுவிட்டால் பிரிந்த வடிவம் உள்ளே வராது.

‘ஔ’வுக்குப் பதில் ‘ஒ’வும் ‘ள’வும் தட்டியிருந்தால் என்எஃப்சி பிடிக்காது. அதைத் தேடித்தான் திருத்த வேண்டும். கண்ணை மூடி ரீப்ளேஸ் போட்டால் ‘ஒளி’யும் ‘ஔி’ ஆகிவிடும்.