புதுப்பிப்பு: பூட்டிய ரவுட்டர் ஆக்சஸ் பாயிண்ட் ஆகிவிட்டது

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. பழைய இணைய நிறுவனம் பூட்டிக் கொடுத்த ரவுட்டரை, புது ரவுட்டருக்குப் பின்னால் வெறும் ஆக்சஸ் பாயிண்டாக (வைஃபை மட்டும் பரப்பும் கருவியாக) வைக்க முடியுமா என்று கேட்டிருந்தேன். முடிகிறது.

ஓப்பன்டபிள்யூஆர்டி (ரவுட்டரில் ஏற்றக்கூடிய இலவச மாற்று மென்பொருள்) போடும் யோசனை பலிக்கவில்லை. நிறுவனத்தின் டிஜிட்டல் கையொப்பம் இல்லாத ஃபர்ம்வேரை (உள் மென்பொருளை) பழைய ரவுட்டர் வாங்கவே மறுக்கிறது. ரவுட்டர் வேலையை நிறுத்தி இணைப்பைக் கடத்த மட்டும் வைக்கும் பிரிட்ஜ் மோடும் மெனுவில் இல்லை. கைகொடுத்தது, "வான் போர்ட் பக்கமே போகாதீங்க" என்ற பதில்தான். வான் போர்ட் என்பது வெளியிலிருந்து வரும் இணையக் கேபிளைச் செருகும் இடம்; வீட்டுச் சாதனங்களுக்கானவை லான் போர்ட்டுகள்.

லேப்டாப்பைக் கேபிளில் இணைத்து, முதலில் பழையதன் லான் ஐபியை (வீட்டு நெட்வொர்க்கில் அதன் முகவரியை) 192.168.1.2 ஆக்கினேன். புதியது 192.168.1.1. புதியதன் டிஹெச்சிபி (சாதனங்களுக்குத் தானாக ஐபி கொடுக்கும் வசதி) வரம்பை 192.168.1.100-இலிருந்து தொடங்க வைத்தேன், முகவரி மோதல் வராது. வைஃபை பெயர், பாஸ்வேர்டையும் அப்போதே மாற்றிவிட்டு, கடைசியில்தான் பழையதில் டிஹெச்சிபியை அணைத்தேன். அணைத்த பிறகு லேப்டாப்புக்குத் தானாக ஐபி கிடைக்காது. செட்டிங் பக்கத்தைத் திறக்க 192.168.1.50 மாதிரி ஒன்றைக் கையால் கொடுக்க வேண்டும். பிறகு இரண்டின் லான் போர்ட்டுகளையும் கேபிளால் இணைத்ததும் நெட் வந்துவிட்டது.

எதிர்பாராதது ஒன்று: பழையதன் கெஸ்ட் வைஃபையில் (விருந்தினருக்கான தனி வைஃபை) சேர்ந்தால் நெட் வராது. அது வான் வழியாகத்தான் வெளியே போகப் பார்க்கிறது, அதனால் அணைத்துவிட்டேன். இன்டர்நெட் விளக்கு சிவப்பாகவே எரியும், கண்டுகொள்ள வேண்டாம். ரீசெட் பட்டனை அழுத்தினால் டிஹெச்சிபி திரும்ப உயிர்பெற்றுவிடும், அப்போது கேபிளைக் கழற்றிவிட்டு மறுபடி செய்யுங்கள்.