பொட்டாசியம் சேனலில் அதைவிடச் சின்ன சோடியம் ஏன் போவதில்லை?

நுண்ணோக்கி:
வணக்கம். எம்.எஸ்சி. முதலாமாண்டு படிக்கிறேன், அடுத்த வாரம் செமினார். செல் சவ்வில் உள்ள பொட்டாசியம் சேனல் என்ற புரதத்தில் நான்கு துணை அலகுகள் கூடி நடுவில் ஒரு துளை, அதன் வழியே பொட்டாசியம் செல்லை விட்டு வெளியேறுகிறது என்பது வரைக்கும் சரி. ஆனால் பொட்டாசியம் அயனியின் ஆரம் 1.33 ஆங்ஸ்ட்ராம் (ஒரு மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்குதான் ஓர் ஆங்ஸ்ட்ராம்), சோடியத்துக்கு 0.95. பெரியது போகிற வழியில் சின்னது தாராளமாகப் போகணுமே? "வடிகட்டி தேர்ந்தெடுக்கிறது" என்று ஒரே வரியில் பாடநூல் முடித்துவிடுகிறது. யாராவது விளக்குங்களேன்.

படிகம்:
அளவை மட்டும் வைத்து யோசித்தால் இது பிடிபடாதும்மா. தண்ணீரில் எந்த அயனியும் தனியாக இருப்பதில்லை, சுற்றிலும் நீர் மூலக்கூறுகள் ஆக்சிஜன் முனையைத் திருப்பிக்கொண்டு ஒட்டியிருக்கும். சேனலின் வடிகட்டி என்பது துளையின் மிகக் குறுகலான பகுதி, சுமார் 12 ஆங்ஸ்ட்ராம் நீளம். அவ்வளவு குறுகலான இடத்துக்குள் நுழைய அந்த நீரைக் கழற்றியாக வேண்டும், அதற்கு நிறைய ஆற்றல் செலவாகும். வடிகட்டியின் சுவரில் கார்போனைல் ஆக்சிஜன்கள் (புரதச் சங்கிலியில் கார்பனோடு இரட்டைப் பிணைப்பில் உள்ளவை) வரிசையாக உள்நோக்கி நிற்கின்றன. பொட்டாசியத்துக்கு இவை இழந்த நீருக்கு ஈடாக, கிட்டத்தட்ட அதே தூரத்தில் அமைகின்றன, செலவு வரவில் சரியாகிவிடுகிறது. சோடியம் தன் நீரை இன்னும் இறுக்கமாகப் பிடித்திருக்கும், கழற்றினாலும் இந்த ஆக்சிஜன்களால் அதை நெருங்கி அணைக்க முடியாது. நஷ்டம்தான், அதனால் வெளியிலேயே நின்றுவிடுகிறது.

1998-ல் ராடரிக் மெக்கின்னன் குழு ஸ்ட்ரெப்டோமைசஸ் லிவிடன்ஸ் பாக்டீரியாவின் சேனலைப் படமாக்கியது, 2003-ல் அவருக்கு வேதியியல் நோபல் (நீர் சேனலைக் கண்டுபிடித்த பீட்டர் ஆக்ரேயோடு பகிர்ந்து). ஆனால் நீங்கள் பார்க்க வேண்டியது 2001-ல் வந்த 2 ஆங்ஸ்ட்ராம் தெளிவுள்ள படம். வடிகட்டிக்குக் கீழே உள்ள குழியில் ஒரு பொட்டாசியம் எட்டு நீர் மூலக்கூறுகளோடு நிற்கும், மேலே வடிகட்டிக்குள் ஒவ்வோர் இடத்திலும் அதே அயனியை எட்டு ஆக்சிஜன்கள் சூழ்ந்திருக்கும். உங்கள் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

நுண்ணோக்கி:
நன்றி சார், இப்போது புரிகிறது. ஆனால் இவ்வளவு கச்சிதமாகப் பிடித்தால் அயனி அங்கேயே உட்கார்ந்துவிடாதா? வினாடிக்குப் பத்துக் கோடி அயனிகள் வரை போகும் என்கிறார்களே.

படிகம்:
உள்ளே ஒன்று மட்டும் இருந்தால் உட்கார்ந்துவிடும்தான். வடிகட்டிக்குள் நான்கு இடங்கள், சராசரியாக இரண்டு அயனிகள், இரண்டும் நேர்மின்னூட்டம் என்பதால் ஒன்றையொன்று தள்ளும். உள்பக்கமிருந்து மூன்றாவது வந்து முட்டினால் வெளிப்பக்கக் கடைசி அயனி கழன்றுகொள்ளும். அயனிகளுக்கு இடையில் நீர் மூலக்கூறு இருக்கிறதா, நேரடியாகத் தொட்டுக்கொண்டே நகர்கின்றனவா என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. இரண்டையும் சொல்லிவிடுங்கள்.

மருந்தியல்:
ஒரு சின்னச் சேர்க்கை. சேனலைத் திறந்து மூடும் கதவும் வடிகட்டியும் ஒன்றல்ல, அந்தக் கதவு பெரும்பாலும் செல்லின் உள்பக்கம் இருக்கும். நரம்பு செல்லில் அதை மின்னழுத்தம் திறக்கும். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்லில், செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி ஏறினால் மூடும், உடனே சவ்வின் மின்னழுத்தம் மாறி, கால்சியம் உள்ளே வந்து, இன்சுலின் வெளியேறும். சர்க்கரை நோய் மாத்திரை கிளிபென்கிளமைடு மூடுவதும் இதே சேனலைத்தான். இதைச் சொன்னால் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும்.

நுண்ணோக்கி:
அருமை! இன்னொரு சிக்கல். அந்த 2001 படத்தை, புரத வடிவங்களின் பொதுத் தரவகத்தில் (PDB) உள்ள 1கே4சி (1K4C) என்ற கோப்பை, இறக்கித் திறந்தால் ஒரே ஒரு துணை அலகுதான் தெரிகிறது, கூடவே இரண்டு பெரிய புரதச் சங்கிலிகள் தொங்குகின்றன. கோப்பு கெட்டுவிட்டதா?

படிகம்:
கோப்பில் ஒன்றும் கோளாறில்லை. இந்தப் படம் புரதத்தைப் படிகமாக்கி எக்ஸ்-கதிரால் எடுத்தது; அந்தப் படிகம் நன்றாக வளர ஆன்டிபாடியின் ஒரு துண்டைச் சேனலோடு ஒட்டவைத்தார்கள், அந்த இரண்டு சங்கிலிகளும் அதுதான், மறைத்துவிடுங்கள். சமச்சீர் இருப்பதால் நான்கில் ஒன்றை மட்டுமே கோப்பில் எழுதியிருக்கிறார்கள், இறக்கும்போது உயிரியல் தொகுப்பு (biological assembly) என்ற வகையைத் தேர்ந்தெடுத்தால் நான்கும் வரும். அப்புறம் எதிரெதிரே உள்ள இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் முன்னால் நிற்பது வடிகட்டியை மறைக்கும்.