சவரக்கத்திக்குக் கடைசிக் கல்: கோட்டிக்யூலா, கறுப்பு ஆர்க்கன்சாவா?

கேட்டவர்:
வணக்கம். என்னிடம் ஜெர்மனியின் சோலிங்கனில் செய்த பழைய சவரக்கத்தி ஒன்று இருக்கிறது. 5/8 அங்குல அகலம், இரு பக்கமும் நன்றாகக் குடைந்த மெல்லிய அலகு. 1000, 6000 என இரண்டு செயற்கைக் கற்களும் (நம்பர் கூடக் கூடக் கல் நுண்மையானது) ஒரு தோல்வாரும் வைத்திருக்கிறேன். 6000-ல் தீட்டி வாரில் இழுத்த பிறகு கன்னத்தில் ஓரளவு மழிக்கிறது. தாடைக்குக் கீழேயும் மேலுதட்டிலும் முடியைப் பிடித்து இழுக்கிறது, அப்புறம் அன்று முழுக்க எரிச்சல்.

கடைசியாகத் தீட்ட ஓர் இயற்கைக் கல் வாங்க நினைக்கிறேன். பெல்ஜியத்துக் கோட்டிக்யூல், கறுப்பு ஆர்க்கன்சா, ஜப்பானியக் கல், பழைய துரிங்கியக் கல் என்று படிக்கப் படிக்கக் குழப்பம்தான். ஒரு கல்லுக்குத்தான் பணம் இருக்கிறது. எதை வாங்கலாம்?

ஈரக்கல்:
கல்லுக்குப் போகும் முன் கத்தியைப் பார்த்துவிடுவோம். 6000-ல் ஒழுங்காக முடித்த கத்தி கன்னத்தில் தாராளமாகவே மழிக்கும். 'ஓரளவு' என்றால் 1000-லேயே வேலை பாக்கி இருக்கிறது என்று நினைக்கிறேன். அலகின் இரண்டு சரிவுகளும் விளிம்பு முழுக்கச் சந்தித்திருக்க வேண்டும். சந்திக்காத இடத்தை எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கல்லும் சரிசெய்யாது.

ஒரு சோதனை. அழியாத மார்க்கரால் இரு சரிவுகளிலும் விளிம்புவரை மை பூசுங்கள். முதுகும் விளிம்பும் சேர்ந்து கல்லில் படியும்படி வைத்து, அழுத்தாமல் 1000-ல் ஓரிரு முறை இழுங்கள். வாட்ச் ரிப்பேர் செய்பவர்கள் கண்ணில் வைக்கும் லென்ஸ் கிடைத்தால் நல்லது. மை எங்கே மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். அப்புறம் விளிம்பை மேலாகத் திருப்பி விளக்கடியில் பிடியுங்கள். கூரான விளிம்பில் வெளிச்சம் பட்டுத் திரும்பாது. வெள்ளைக் கோடு மின்னினால் அந்த இடம் மழுங்கல்.

கேட்டவர்:
பார்த்துவிட்டேன். கைப்பிடியை ஒட்டிய பக்கம், அலகில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு மை அப்படியே இருக்கிறது. விளக்கில் அதே இடத்தில் வெள்ளைக் கோடு. 1000 கல்லின் மேல் ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தினால் நடுவில் வெளிச்சம் தெரிகிறது.

ஈரக்கல்:
அப்படியானால் இரண்டு வேலை இருக்கிறது. கல் நடுவில் குழிந்திருக்கிறது. பென்சிலால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, தடித்த கண்ணாடி மேல் 220 நம்பர் வாட்டர் பேப்பரை ஈரமாக விரித்துத் தேயுங்கள். கோடு முழுக்க மறைந்ததும் மறுபடி கோடு போட்டு இன்னொரு தடவை. 6000-க்கும் இதைச் செய்யுங்கள்.

இரண்டாவது, கைப்பிடியை ஒட்டி அலகு தடிக்கும் இடம் இருக்கிறதே, அது கல்லின் மேல் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் அந்தப் பக்க விளிம்பு தூக்கிக்கொள்ளும். மை போகாததற்கு இதுவே பெரும்பாலும் காரணம். தடித்த பகுதியைக் கல்லின் ஓரத்துக்கு வெளியே விட்டு, கத்தியைச் சற்றுச் சாய்த்து இழுங்கள்.

தோல்வார்:
கல்லைப் பற்றி நான் சொல்கிறேன். ஒன்றுதான் என்றால் என் கை கோட்டிக்யூலுக்குத்தான் போகும். பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில் வியல்சாம் வட்டாரத்துக் கல் அது. பால்மஞ்சள் நிறம். பூமிக்குள் மெல்லிய அடுக்காகவே கிடப்பதால் பெரும்பாலும் அடியில் ஸ்லேட் ஒட்டித்தான் விற்பார்கள். அதில் அறுப்பவை 5 முதல் 15 மைக்ரான் வரையுள்ள கார்னெட் என்ற கடினமான கனிம மணிகள். அளவைக் கேட்டால் பெரிதாகத் தோன்றும். ஆனால் மணி பல முகங்களோடு உருண்டையாக இருப்பதால் எஃகில் ஆழமாகக் கீறாது. அதனால்தான் இந்தக் கல்லுக்கு நம்பர் சொல்வதில் அர்த்தமில்லை.

இதன் அருமையே அந்தக் கல்லின் பாலில்தான். அதே கல்லின் சின்னத் துண்டால் ஈரத்தில் தேய்த்தால் பால் போலக் கலங்கும். பால் கெட்டியாக இருக்கும்போது வேகமாக அறுக்கும், ஆனால் அதே மணிகள் விளிம்பையும் மோதி மழுக்கும். ஆகவே சில இழுப்புகளுக்கு ஒருமுறை ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்துகொண்டே போங்கள். கடைசியில் குழாயைத் திறந்துவிட்டு, வெறும் தண்ணீரில், கத்தியின் எடை மட்டுமே கல்லில் இருக்கும்படி இழுத்து முடியுங்கள். அவசரப்பட்டுப் பால் இருக்கும்போதே நிறுத்தினால் கத்தி இழுக்கும். 'கோட்டிக்யூல் சரியில்லை' என்பவர்களில் பலர் அந்த இடத்தில்தான் நிறுத்தியிருப்பார்கள்.

நொவாகுலைட்:
நான் ஆர்க்கன்சா ஆள். இருந்தாலும் இவருக்கு இப்போது அதைச் சொல்ல மாட்டேன். அமெரிக்காவின் வாஷிட்டா மலைகளில் கிடைக்கும் நொவாகுலைட் அது, கிட்டத்தட்ட முழுக்கவே நுண்ணிய குவார்ட்ஸ். ஒருமுறை சமப்படுத்தினால் வருடக்கணக்கில் குழியாது, எண்ணெய் தடவியோ சோப்புத் தண்ணீரிலோ தீட்டலாம். கறுப்பு, ஒளி ஊடுருவும் வகை இரண்டும் மிக மெதுவாகவே அறுக்கும். 6000-ல் இருந்து நேரே அதற்குத் தாவினால் கை ஓய்ந்துபோகும். நடுவில் 8000 ஒன்று வேண்டும். அதோடு அது எப்படித் தீட்டும் என்பது மேற்பரப்பை நீங்கள் எவ்வளவு மெருகேற்றுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வாங்கி வந்த அன்றே பலன் எதிர்பார்க்க முடியாது.

கேட்டவர்:
மிக்க நன்றி. ஜப்பானியக் கல்லும் துரிங்கியக் கல்லும்?

தோல்வார்:
துரிங்கியக் கல் எனக்கு மிகவும் பிடித்தது. ஜெர்மனியின் சோனபெர்க் பக்கத்துக் கல், அது தரும் விளிம்பு கன்னத்துக்கு அவ்வளவு மென்மை. இப்போது வெட்டி எடுப்பதில்லை, கிடைப்பதெல்லாம் பழையவை. இந்தக் கல்லை விற்ற பழைய எஷர் நிறுவனத்தின் லேபிள் ஒட்டியிருந்தால் லேபிளுக்கே தனி விலை. ஜப்பானியக் கல்லில் ஒரே சுரங்கத்துக் கற்களே ஒன்றுக்கொன்று மாறும். பேர்பெற்ற நக்கயாமா சுரங்கத்தின் முத்திரையை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். அந்தக் குறிப்பிட்ட கல்லில் சவரக்கத்தி தீட்டிப் பார்த்தேன் என்று விற்பவர் சொன்னால் மட்டும் யோசியுங்கள்.

கோட்டிக்யூலில் ஒழுங்கற்ற வடிவத் துண்டுகள் விலை குறைவு, கல் அதேதான். 40 மி.மீ. அகலம் போதும். வாங்கும் முன் ஈரமாக எடுத்த படம் கேளுங்கள், கல் ஈரமானால்தான் கோடுகள் தெரியும். கோடு இருப்பது குற்றமல்ல. கைக்கு வந்ததும் குறுக்கே நகத்தை ஓட்டிப் பாருங்கள், நகம் தட்டினால் விளிம்பும் தட்டும்.

கேட்டவர்:
கற்களைச் சமப்படுத்தி, தடித்த பகுதியை வெளியே விட்டுத் தீட்டினேன். மை விளிம்பு முழுக்க ஒரே மாதிரி போகிறது. 6000-லேயே தாடைக்குக் கீழே இழுக்காமல் மழித்தது. மேலுதட்டில் மட்டும் இன்னும் கொஞ்சம் எரிச்சல். கோட்டிக்யூல் துண்டு ஒன்று சொல்லிவிட்டேன்.

ஈரக்கல்:
மேலுதட்டைக் கோட்டிக்யூல் பார்த்துக்கொள்ளும். அது வரும்வரை வாரைத் தொய்யவிடாமல் இறுக்கிப் பிடித்து, முதலில் துணிப் பக்கம், பிறகு தோல் பக்கம் இழுங்கள். வார் தொய்ந்தால் விளிம்பு உருண்டுவிடும். கத்தியைத் திருப்பும்போது முதுகு தோலை விட்டு எழவே கூடாது.