சவுனாவில் வெப்பமும் ஓய்வும்: தம்பெரே நகரத்து அனுபவம்

வேலை நிமித்தமாகப் பின்லாந்தின் தம்பெரே நகரில் வசிக்கும் எனக்குச் சவுனா எனப்படும் வெப்பக் குளியல் அறையின் பயனைப் புரியவைத்தது, பிஸ்பாலா பகுதியில் 1906 முதல் இயங்கிவரும் ராயாபோர்ட்டி என்னும் பொதுச் சவுனாவாகும். அந்நாட்டில் இன்றும் செயல்படும் பொதுச் சவுனாக்களில் அதுவே மிகப் பழையது. விறகிட்டு முன்கூட்டியே சூடேற்றிய பெரிய அடுப்பின் கற்கள் வெப்பத்தை நெடுநேரம் தேக்கி வைத்திருக்க, அவற்றின்மேல் ஓர் அகப்பை நீர் ஊற்றியதும் எழும் ஆவி, மேல்படியில் அமர்ந்திருப்பவரின் காது மடல்களை முதலில் சுடும்.

அங்கே என் அருகில் இருந்த முதியவர் ஒருவர், சிறிது நேரத்திலேயே எழுந்து, என்னையும் முற்றத்துக்கு அழைத்துச் சென்று குளிர்காற்றில் அமர வைத்தார். உள்ளே எவ்வளவு நேரம் இருந்தோமோ அவ்வளவு நேரம் வெளியிலும் இருக்க வேண்டும் என்பதே அவருடைய வழக்கம். அதன் நியாயம் எனக்குப் பின்னர் விளங்கியது. ஏறத்தாழ 80 முதல் 100 பாகை செல்சியஸ் வெப்பத்தில் தோலின் இரத்தக் குழாய்கள் விரிந்து, விரைந்து நடக்கும்போது துடிப்பதைப் போல இதயம் வேகமாகத் துடிக்கிறது. வெளியே வந்தபின் இரத்த அழுத்தம் தணிகிறது. ஓய்வில்லாமல் வெப்பத்தை மட்டும் நீட்டித்தால் மயக்கமே மிஞ்சும்.

கிழக்குப் பின்லாந்தின் நடுத்தர வயது ஆண்கள் 2,315 பேரை ஏறத்தாழ 20 ஆண்டுகள் கவனித்து 2015-இல் வெளியான ஆய்வில், வாரத்தில் 4 முதல் 7 முறை சவுனா சென்றவர்களிடையே, ஒருமுறை மட்டும் சென்றவர்களைவிடத் திடீர் இதய மரணம் வெகுவாகக் குறைந்திருந்தது. அது மக்களின் வழக்கத்தை மாற்றாமல் கவனிக்க மட்டும் செய்த உற்றுநோக்கல் ஆய்வு என்பதால், சவுனாவே காரணம் என்று அதைக் கொண்டு முடிவு கட்ட இயலாது. உடல்நலம் உள்ளவரே அடிக்கடி செல்லவும் கூடும். எனினும், வேலை முடிந்த மாலைகளில் எனக்குக் கழுத்து இறுக்கம் தளர்வதும் உறக்கம் ஆழ்வதும் ஐயமின்றித் தெரிகின்றன.

இரத்த அழுத்த மாத்திரை உட்கொள்ளும் என் தந்தையார் இங்கு வந்திருந்தபோது, மருத்துவரிடம் கேட்ட பின்னரே அழைத்துச் சென்றேன். வெப்பம் குறைந்த கீழ்ப்படியில் சில நிமிடங்கள் அமர்ந்து, மெதுவாக எழுந்து, நீர் அருந்தினார். அவருக்கு அது போதுமானதாக இருந்தது. அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும், ஓய்வில் இருக்கும்போதே நெஞ்சுவலி உள்ளவர்களும் சவுனாவைத் தவிர்க்க வேண்டும்; மது அருந்திவிட்டு எவருமே உள்ளே செல்லலாகாது.