வேற்றுக்கிரகத்து உயிர் நம் கிருமிகளைத் தாங்குமா?

களக்காட்டு வாழை:
மகேந்திரகிரியில் ராக்கெட் இயந்திரங்களைச் சோதிக்கும் முழக்கத்தைப் பணகுடியில் கேட்டு வளரும் என் அக்கா மகள், வேற்றுக்கிரகத்திலிருந்து ஓர் உயிர் இங்கே வந்து இறங்கினால் நம் நோய்களை அதனால் தாங்க முடியுமா என்று கேட்டாள். முடியாது என்பதே என் பதில். 1520இல் ஸ்பானியர்களோடு மெக்சிகோவுக்குப் போன பெரியம்மை, அதை முன்பின் அறியாத மக்களைக் கொத்துக் கொத்தாகக் கொன்றது. மனிதனுக்கே அந்தக் கதி என்றால், வேறோர் உலகத்து உயிர் எம்மாத்திரம்?

பாளை வேதியியல்:
அண்ணாச்சி, அந்த உதாரணம் உங்களுக்கு எதிராகத்தான் நிற்கிறது. வந்தவரின் செல்லும் இருந்தவரின் செல்லும் ஒன்றாக இருந்ததால்தான் பெரியம்மையால் தாவ முடிந்தது. வைரஸ் தனக்குப் பொருந்தும் புரதத்தைப் பற்றிக்கொண்டு உள்ளே நுழைந்து, அந்தச் செல்லைக் கொண்டே தன்னைப் பெருக்க வேண்டும். வைரஸால் வரும் முடிக்கொத்து நோய் கண்ட வாழையை எத்தனை முறை வெட்டியிருப்பீர்கள்? கறை வேட்டியில் ஏறியிருக்கும், நோய் உங்களுக்கு வந்திருக்காது. நமக்கும் வாழைக்கும் மரபணுக் குறியீடு ஒன்றே, அமினோ அமிலங்கள் இருபதும் ஒன்றே, அப்படியிருந்தும் தாவவில்லை. அந்த உறவுகூட இல்லாத உயிருக்கு நம் வைரஸ் வெறும் தூசி.

களக்காட்டு வாழை:
வைரஸைப் பொறுத்தவரை ஒப்புக்கொள்கிறேன் தம்பி. ஆனால் பூஞ்சைக்கு அந்தப் பொருத்தம் தேவையில்லை. கூந்தன்குளத்தில் பறவை பார்க்க வாங்கிய பைனாகுலரை ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம் முழுவதும் அலமாரியில் வைத்துவிட்டு எடுத்தேன். வில்லைக்குள் சிலந்தி வலை போல வெள்ளை இழைகள் பரவியிருந்தன, துடைத்த பிறகும் கண்ணாடியில் அவை அரித்த தடம் போகவில்லை. பூஞ்சை கண்ணாடிக்காகப் பிறந்ததன்று; ஈரமும் கொஞ்சம் தூசியும் அதற்குப் போதுமாக இருந்தன. ஈரமும் வெதுவெதுப்பும் கரிமப் பொருளும் நிறைந்த ஓர் உடல் அதற்கு எவ்வளவு பெரிய வயல்!

பாளை வேதியியல்:
வில்லை எதிர்த்துப் போராடாது, உயிருள்ள உடல் போராடும். மேலும் அமினோ அமிலங்கள் நம் இரு கைகளைப் போல, ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரு அமைப்புகளில் இருக்கக்கூடும்; நம் புரதங்கள் இடக்கை அமைப்புள்ளவற்றால் ஆனவை. அந்த உயிரின் புரதங்கள் வலக்கை அமைப்பில் இருந்தால், நம் கிருமிகளின் நொதிகளில் பெரும்பாலானவற்றால் அவற்றை வெட்டவே முடியாது.

பொருநை ஆய்வகம்:
அந்த வேலி நீங்கள் நினைக்கும் அளவுக்கு உறுதியானதன்று. பாக்டீரியாக்கள் தம் செல்சுவரிலேயே அலனின் என்னும் அமினோ அமிலத்தின் வலக்கை வடிவத்தை வைத்திருக்கின்றன. இடக்கையை வலக்கையாக மாற்றும் நொதியும் அவற்றிடம் உண்டு. கிளிசரால் போன்ற சிறு மூலக்கூறுகளுக்கோ இடக்கை, வலக்கை என்ற பேதமே கிடையாது. உடல் போராடும் என்கிறீர்கள். எதிரியை அடையாளம் காணாமல் எப்படிப் போராடும்? 2024 டிசம்பரில் 38 அறிவியலாளர்கள் ‘சயன்ஸ்’ இதழில், கண்ணாடிப் பிம்பம் போல் எதிர்க்கை மூலக்கூறுகளால் ஆன பாக்டீரியாவை உருவாக்க வேண்டாம் என்று எச்சரித்தார்கள். அப்படி ஒன்று உருவானால், அதன் புரதங்களை வெட்டி அடையாளம் காண நம் நோயெதிர்ப்பு அமைப்பு தடுமாறும், காயத்தின் வழியே நுழைந்த கிருமி தடையின்றிப் பெருகக்கூடும் என்பது அவர்களது அச்சம். விருந்தாளியின் பக்கம் நின்று பாருங்கள்: அதற்கு நம் மண்ணில் கிடக்கும் சாதாரண பாக்டீரியாவே அந்தக் கண்ணாடிப் பாக்டீரியா.

பாளை வேதியியல்:
இந்தக் கோணத்தை நான் எண்ணிப் பார்க்கவில்லை. அப்படியானால் நீர்தான் முடிவு செய்யும். சனியின் நிலவான டைட்டனில், கழித்தல் 179 டிகிரி செல்சியஸ் குளிரில், திரவ மீத்தேனைக் குருதியாகக் கொண்டு ஓர் உயிர் இருந்தால், அதன் உடலில் நம் கிருமி எதுவும் வளராது. நம்மைப் போல நீரை நம்பி வாழும் உயிருக்குத்தான் ஆபத்து.

களக்காட்டு வாழை:
நானும் அந்த உயிரைத்தான் சொன்னேன். 1969இல் நிலவிலிருந்து திரும்பிய அப்பல்லோ 11 வீரர்களை 21 நாள் தனிமைப்படுத்தும் ஏற்பாடு, அங்கிருந்து ஏதேனும் நமக்குத் தொற்றிவிடுமோ என்ற அச்சத்தால் செய்யப்பட்டது. தாமிரபரணிக் கரையில் இறங்கும் விருந்தாளிக்கு இந்த ஏற்பாட்டைத் தலைகீழாகச் செய்ய வேண்டியிருக்கும். ஆற்றுச் சேற்றில் அது கால் வைப்பதற்கு முன்பே.