பெயர் இல்லாத மாத்திரைப் பொட்டலம்

யாங்கோன், தம்வேயிலிருந்து எழுதுகிறேன். மருந்து உடம்புக்குள் போய் என்னதான் செய்கிறது என்று நான் படிக்க ஆரம்பித்ததற்குக் காரணம் அம்மாவின் முழங்கால் வலி.

2016-இல் பீலிக்கான் கோயில் திருவிழாவுக்குப் போய்வந்த பிறகு அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் வீங்கிவிட்டன. தெருமுனை மருந்துக்கடையில் சொன்னேன். கடைக்காரர் நாலைந்து அட்டைகளை எடுத்துக் கத்தரிக்கோலால் நறுக்கினார். மாத்திரைகளைப் பிதுக்கி எடுத்து, வேளைக்கு ஒன்றாகச் சின்ன பிளாஸ்டிக் பைகளில் போட்டு, மெழுகுவத்தித் தீயில் காட்டி வாயை ஒட்டிக் கொடுத்தார். ஒவ்வொரு பையிலும் ஒரு மஞ்சள், ஒரு வெள்ளை, ஒரு இளஞ்சிவப்பு, அப்புறம் மிளகைவிடச் சிறிதாக ஒரு பொடி மாத்திரை. எதிலும் பெயர் கிடையாது. பர்மாவில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பொட்டலத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

மூன்றாம் நாளே அம்மா மாடிப்படி ஏறிவிட்டார். கைராசிக்காரக் கடை என்று நான்கு மாதம் விடாமல் அங்கேயே வாங்கினோம். அம்மாவின் முகம் உருண்டையாக மாறியது. சொந்தக்காரர்கள் பார்த்துவிட்டு, சதை போட்டு நன்றாக இருக்கிறார் என்றார்கள். ராத்திரியில் தூக்கமே இல்லை, ஓயாத தாகம். வெறும் வயிற்றில் சர்க்கரை பார்த்தபோது 210 இருந்தது. அதற்கு முன்னால் அம்மாவுக்குச் சர்க்கரை இருந்ததே இல்லை.

டாக்டர் பொட்டலத்தைப் பிரித்து மேசையில் கொட்டினார். விரல் நுனியால் அந்தப் பொடி மாத்திரையை மட்டும் தனியே தள்ளினார். அது டெக்ஸாமெத்தசோன், ஒரு ஸ்டீராய்டு. வீக்கத்தை அமுக்கும், சர்க்கரையை ஏற்றும், முகத்தை உப்பவைக்கும். "சரி, இன்றோடு நிறுத்திவிடுகிறேன்" என்றேன். டாக்டர் பதறிப்போய்க் கையைக் காட்டி வேண்டாம் என்றார். அவர் அப்போது சொன்னதுதான் என் முதல் பாடம்.

இரண்டு சிறுநீரகங்களின் தலையிலும் தொப்பி மாதிரி ஒரு சுரப்பி இருக்கிறதாம். கார்ட்டிசால் என்ற ஹார்மோனை அதுதான் தினமும் சுரக்கிறது. இரத்த அழுத்தம் விழாமல் நிற்கவும், காய்ச்சல், அடிபடுதல் போன்றவற்றை உடம்பு தாங்கவும் அது வேண்டும். அதே வேலையைச் செய்யும் மருந்து வெளியிலிருந்து வாரக்கணக்கில் வந்துகொண்டே இருந்தால், இனி நாம் சுரக்க வேண்டாம் என்று சுரப்பி தூங்கிவிடும். அந்த நேரத்தில் மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் உடம்பில் கார்ட்டிசாலும் இல்லை, மருந்தும் இல்லை. தலைசுற்றல், வாந்தி, அழுத்தம் விழுந்து மயக்கம், உயிருக்கே ஆபத்து வரைக்கும் போகலாம். அதனால் டாக்டர் பிரெட்னிசோலோன் என்ற இன்னொரு ஸ்டீராய்டுக்கு மாற்றி, 10 மில்லிகிராமில் தொடங்கி, பல வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்.

நான்கு மாதம் என் கையாலேயே அதை அம்மாவுக்குக் கொடுத்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து அன்று ராத்திரி அழுதேன். மறுநாள் பக்கத்து வீட்டில் நர்சிங் படிக்கும் பெண்ணிடம் மருந்தியல் புத்தகத்தை இரவல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஒரு நீள நோட்டில் நான்கு கோடு போட்டேன்: உண்மையான பெயர், எத்தனை மில்லிகிராம், எதற்காக, எவ்வளவு நேரம் உடம்பில் நிற்கும். நாலாவது கட்டத்தை நிரப்பத்தான் நிறையப் படிக்க வேண்டியிருந்தது. வாய்வழியாகப் போகும் மருந்து குடலில் உறிஞ்சப்பட்டு, முதலில் கல்லீரலுக்குத்தான் போகிறது. சில மருந்துகளை அந்த முதல் நடையிலேயே கல்லீரல் பெரும்பாலும் சிதைத்துவிடும். நெஞ்சுவலிக்குக் கொடுக்கும் கிளிசரில் டிரைநைட்ரேட்டை விழுங்காமல் நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்வது அதனால்தான். அங்கிருந்து நேரே இரத்தத்துக்குப் போய்விடும். தப்பித்த மருந்து உடம்பெல்லாம் பரவி, தனக்குப் பொருந்தும் இடத்தில் ஒட்டிக்கொண்டு வேலை செய்யும். பிறகு கல்லீரல் உடைக்க, சிறுநீரகம் வெளியே தள்ளும்.

இரத்தத்தில் இருக்கும் மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரத்தை அரை ஆயுள் என்கிறார்கள். பாராசிட்டமாலுக்கு அது இரண்டு மூன்று மணி நேரம். அப்பா இரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் அம்லோடிபினுக்கு 30 முதல் 50 மணி நேரம். அப்பாவோ தலை பாரமாக இருக்கும் நாளில் மட்டும் அதைப் போட்டுக்கொள்வார். எத்தனை சொன்னாலும் கேட்கவில்லை. ஒருநாள் ஓட்டைப் பானை ஒன்றை வரைந்து காட்டினேன். தினம் ஒரு தம்ளர் ஊற்றுகிறோம், ஓட்டை வழியாகக் கொஞ்சம் ஒழுகுகிறது. ஊற்றுவதும் ஒழுகுவதும் சமமாகி ஒரே மட்டத்தில் நிற்க ஏழெட்டு நாள் ஆகும். "அப்போ நான் போட்ட ஒத்தை மாத்திரை பானை அடியிலேயே கிடந்ததா?" என்று கேட்டார். அன்றிலிருந்து காலையில் பல் விளக்கியதும் மாத்திரை.

பாராசிட்டமாலையும் சொல்லியாக வேண்டும். 2019 மழைக்காலத்தில் தம்பிக்குக் காய்ச்சல். பயோஜெசிக் இரண்டிரண்டாக நான்கு வேளை சாப்பிட்டான். பயோஜெசிக் என்பது பாராசிட்டமால் 500 மில்லிகிராம்தான். கூடவே சளிக்கு வேறொரு மாத்திரை மூன்று வேளை. அந்த அட்டையைத் திருப்பிப் படித்தால் அதிலும் பாராசிட்டமால் 500. நோட்டில் கூட்டிப் பார்த்தேன்: 4,000, அதோடு 1,500, ஆக 5,500 மில்லிகிராம். பெரியவர்களுக்கு ஒரு நாளின் உச்சவரம்பே 4,000. கல்லீரல் பாராசிட்டமாலை உடைக்கும்போது நச்சுப்பொருள் ஒன்று கொஞ்சம் உண்டாகும். அதைச் செயலிழக்கச் செய்யும் குளுட்டத்தயோன் கல்லீரலில் அளவோடுதான் இருக்கிறது. அது தீர்ந்தால் நச்சு கல்லீரலையே தாக்கும். முதல் நாள் பெரிதாக ஒன்றும் தெரியாது என்பதுதான் இதில் கொடுமை. அந்த நச்சை முறிக்கும் மருந்தான அசிட்டைல்சிஸ்டீன், அளவுக்கு மீறிச் சாப்பிட்ட எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் மிக நன்றாகக் கேட்கும். சளி மாத்திரையை உடனே நிறுத்தி, தம்பியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். நல்லவேளை, கல்லீரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. காய்ச்சல் டெங்குவாக இருந்தது. டெங்குவில் ஆஸ்பிரின், இபுபுரூஃபன் கூடாது, இரத்தக் கசிவைக் கூட்டும் என்பதையும் அன்றுதான் எழுதிக்கொண்டேன்.

உங்கள் வீடுகளில் நடந்ததையும் எழுதுங்கள்.

மோல்மேனிலிருந்து:

அக்கா, எனக்கு டிபி வந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் இரண்டு மருந்து. மருந்து தொடங்கிய மறுநாள் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனது. இரத்தம் என்று அம்மா பயந்து இரண்டு நாள் மாத்திரையே தரவில்லை. நர்ஸ் வீட்டுக்கு வந்து, அது ரிஃபாம்பிசினின் நிறம், கண்ணீரும் வியர்வையும்கூட அப்படி வரும் என்று சொன்ன பிறகுதான் நிம்மதி. முதலிலேயே யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த இரண்டு நாள் போயிருக்காது. பிறகு பாதம் மதமதவென்று ஆனது. அந்த நான்கில் ஒன்றான ஐசோநயசிட் உடம்பில் வைட்டமின் பி6-ஐக் குறைத்துவிடுமாம். பி6 மாத்திரை சேர்த்துக் கொடுத்தார்கள். ஏன் இத்தனை மருந்து என்று கேட்டேன். கோடிக்கணக்கான கிருமிகளில் ஏதோ ஒன்று ஒரு மருந்துக்குத் தப்பப் பிறந்திருந்தாலும் மற்ற மூன்றும் அதைப் பிடிக்கும் என்றார் நர்ஸ். அது புரிந்த பிறகு ஒரு வேளைகூட விடவில்லை.

பெகுவிலிருந்து:

தங்கச்சி, என் மகள் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது இரும்புச்சத்து மாத்திரையைத் தினம் டீயோடு விழுங்கினாள். மூன்று மாதம் ஆகியும் இரத்தம் ஏறவில்லை. டீயில் இருக்கும் துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்துக்கொண்டு குடலில் ஏறவிடாது என்று மருத்துவச்சி சொன்னார். எலுமிச்சைச் சாற்றோடு, டீக்கு இரண்டு மணி நேரம் முன்னே கொடுக்க ஆரம்பித்தோம், ஏறிவிட்டது. நம் ஊர் டீக்கடைப் பால் டீயில் இன்னொன்றும் இருக்கிறது. சிப்ரோஃப்ளாக்சசின், டாக்ஸிசைக்ளின் மாதிரி மருந்துகளைப் பாலில் உள்ள கால்சியம் பிடித்துக்கொள்ளும். அவற்றைப் பச்சைத் தண்ணீரில்தான் விழுங்க வேண்டும்.

மீண்டும் யாங்கோனிலிருந்து:

பெகு அக்கா சொன்ன டீ விஷயத்தை நோட்டில் சேர்த்துவிட்டேன். பொட்டலம் தரும் கடையில் என்ன கேட்பது என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். நான் பர்மியத்தில் ஒன்றே ஒன்றுதான் கேட்பேன்: "சே நாமே பாலே?" மருந்தின் பெயர் என்ன? அட்டையை நறுக்காமல் பெயரோடு முழுசாகக் கேட்பேன். காசு இல்லாத நாளில் இரண்டு மாத்திரைதான் வாங்க முடியும், அது எனக்கும் தெரியும். அப்போது பெயரைப் பையின் மேல் பேனாவால் எழுதித் தரச் சொல்லுங்கள். எங்கள் தெருக் கடைக்காரர் இப்போது நான் கேட்காமலே எழுதுகிறார்.

அம்மாவுக்குச் சர்க்கரை பழைய அளவுக்கு இறங்கிவிட்டது. முழங்கால் வலி இருக்கத்தான் செய்கிறது, பாராசிட்டமாலும் வெந்நீர் ஒத்தடமுமாக ஓடுகிறது. பிரெட்னிசோலோனின் கடைசிப் பாதி மாத்திரையை அம்மா விழுங்கிய தேதியை நோட்டில் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன்.

மோல்மேன் தம்பி, பாதத்து மதமதப்பு முழுதாகப் போய்விட்டதா?